கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல்: மூன்றும் ஒரே கோளாறா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆறரை வயதில் ஓயாமல் கண் சிமிட்டினான். அது குறைந்ததும் தோளைக் குலுக்க ஆரம்பித்தான். இப்போது நாள் முழுக்கத் தொண்டையைச் செருமுகிறான். கண்ணிலும் தொண்டையிலும் கோளாறு இல்லை என்கிறார்கள் மருத்துவர்கள். அதட்டினால் கொஞ்ச நேரம் நிறுத்துகிறான். வேண்டுமென்றே செய்கிறானா? கெட்ட வார்த்தை பேசினால்தானே டூரெட் என்ற நரம்புக் கோளாறு?

பதில்: மூன்றும் டிக் (திடீரெனத் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி) எனப்படும் ஒரே கோளாறின் வெவ்வேறு உருவங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்று அடங்கி இன்னொன்று தலைகாட்டுவது, சில வாரம் கூடிச் சில வாரம் குறைவது இதன் இயல்பு.

டிக்குகளில் அசைவு, ஒலி என இரு வகை உண்டு. கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தலையை வெடுக்கென அசைத்தல் போன்றவை ஒரே தசைக்கூட்டத்தில் நொடியில் முடியும் எளிய அசைவுகள். செருமல், மூக்கை உறிஞ்சல், முனகல் எளிய ஒலிகள். குதிப்பது, பொருளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, பிறர் செய்கையை அப்படியே செய்வது சிக்கலான அசைவுகள். பார்ப்பவருக்கு வேண்டுமென்றே செய்வதுபோலத் தோன்றும். தன் சொல்லையோ பிறர் சொல்லையோ திரும்பச் சொல்வது சிக்கலான ஒலி. கெட்ட வார்த்தையும் இந்த வகைதான். ஆனால் டூரெட் உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கே அது வரும். சினிமா பார்த்து நோயை முடிவு செய்ய வேண்டாம்.

18 வயதுக்குள் தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் வந்து, முதல் டிக் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தால் டூரெட். எல்லாம் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு இந்தக் கணக்குப் பொருந்துகிறது; உறுதி செய்ய வேண்டியவர் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். டிக் வரும்போது கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் அறையில் பல குழந்தைகளுக்கு அது வராது.

அதட்டினால் நிற்பது நடிப்பல்ல. தும்மலுக்கு முன் வரும் குறுகுறுப்புபோல ஓர் உந்துதல் எழுகிறது. அதைச் சற்று நேரம் அடக்கலாம், ஆனால் பாடத்தைக் கவனிக்க வேண்டிய மனம் அதிலேயே செலவாகிவிடும். அதட்டல் தரும் பதற்றம் டிக்கைக் கூட்டவும் செய்யும். ஆசிரியரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எல்லா டிக்குக்கும் மருந்து தேவையில்லை. வலி, கேலி, படிப்பில் தடை இருந்தால் முதலில் நடத்தைப் பயிற்சி. வழக்கமாக 10 வாரங்களில் 8 அமர்வுகள். உந்துதல் எழும்போது டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத ஒன்றைச் செய்யப் பழக்குவார்கள். செருமலுக்கு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது; தோள் குலுக்கலுக்கு, முழங்கைகளை விலாவோடு அழுத்துவது. ஒரு நிமிடமாவது, அல்லது உந்துதல் தணியும்வரை. பெற்றோர் இதை நினைவூட்டலாம், நச்சரிக்கக் கூடாது. கவனக்குறைவு, எண்ணச் சுழற்சி (ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வருவது) போன்றவை கூடவே இருந்தால் பெரும்பாலும் டிக்கைவிட அவையே அதிகம் தொல்லை தரும். அவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு 10 முதல் 12 வயதில் டிக் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது.

அசைவின்போது கூப்பிட்டாலும் பதில் இல்லை, நினைவு தப்புகிறது என்றால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். கழுத்தைப் பலமாக வெடுக்கென அசைக்கும் டிக் உள்ளவருக்குக் கை கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ அன்றே மருத்துவமனை செல்லுங்கள், தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.