பல் நாற்காலியில் சாய்த்ததும் தங்கை வேறு ஆளாகிவிடுகிறாள்

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. அவளுக்கு இருப்பது டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிசார்டர் (ஒரே ஆளுக்குள் வெவ்வேறு ஆள் போன்ற நிலைகள் மாறி மாறி வருவதும், நடந்தது மறந்துபோவதுமான நோய்) என்று மனநல மருத்துவர் சொல்லி, இரண்டு வருடமாகச் சிகிச்சை நடக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. போன மாதம் ஒரு பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நாற்காலியைச் சாய்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுது, எழுந்து ஓடிவிட்டாள். அங்கே போனதே அவளுக்கு இப்போது நினைவில்லை. சில நாள் வலியில் துடிக்கிறாள், சில நாள் "எந்தப் பல்?" என்கிறாள். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும் என்கிறார்கள். நோயைப் பற்றி அங்கே நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஆனால் தங்கையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 27 வயதுப் பெண்ணின் மனநல விவரம் அவருக்குச் சொந்தமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த ரகசியத்தை அவரது உரிமை என்றுதான் சொல்கிறது. பழைய கதையெல்லாம் பல் மருத்துவருக்குத் தேவையில்லை. நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், எதில் பதறுவார், பதறினால் எப்படி நிதானத்துக்கு வருவார், இவ்வளவு போதும். மனநல மருத்துவரிடம் அரைப் பக்கக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், "எந்தப் பல்?" என்று கேட்கும் நாட்களை நம்பிவிடாதீர்கள். இந்த நோயில் ஒரு நிலையில் உணரும் வலி இன்னொரு நிலையில் தெரியாமலே போகலாம். அது நடிப்பில்லை; அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே வலி தெரிவதில்லை. இதோடு, நம் எல்லோருக்கும் நடக்கக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. சொத்தை ஆழமாகி உள்ளே நரம்பு செத்துவிட்டால் வலி தானாக நின்றுவிடும். கிருமியோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். எனவே வலி இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டு எக்ஸ்-ரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாய்க்குள் ஃபிலிம் வைக்கச் சம்மதிக்கவில்லை என்றால் ஓ.பி.ஜி. எடுக்கலாம்; தாடை முழுவதையும் வெளியிலிருந்தே ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்-ரே அது. நின்றபடியே எடுப்பார்கள், கருவி தலையைச் சுற்றி வரும், முன்பல்லால் ஒரு சின்னக் குச்சியைக் கடித்துக்கொண்டால் போதும். வேர் நுனி அவ்வளவு துல்லியமாகத் தெரியாது, ஆனாலும் தொடங்குவதற்கு உதவும்.

இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை பின்னணியில் இருக்கிறது. உங்கள் தங்கையின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்துக்கு மேல் ஒருவர் குனிந்து, பேச முடியாதபடி வாய்க்குள் கையை விடுவது எதை ஞாபகப்படுத்தலாம் என்று யோசித்துப் பாருங்கள். கையுறையின் வாசனைகூடச் சிலருக்குப் போதும்.

அதனால் முதல் தடவை பேச மட்டும் போங்கள். கருவி எதையும் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். கூட்டமில்லாத முதல் அப்பாயின்ட்மென்ட்டாகக் கேளுங்கள். நாற்காலி பாதி சாய்ந்திருந்தாலே பல வேலைகளைச் செய்யலாம். பல் மருத்துவர்களான எங்களுக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். தங்கை இடது கையைத் தூக்கினால் மருத்துவர் உடனே நிறுத்த வேண்டும். ஒரு தடவை "இதோ முடிஞ்சிடும்" என்று தொடர்ந்துவிட்டால்கூட அதன் பிறகு அவர் நம்ப மாட்டார். நீங்கள் அவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள்.

நடுவில் நிலை மாறினால் வாயிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, "இது பல் மருத்துவமனை, நான் டாக்டர், அக்கா இங்கேதான் இருக்கிறார், இன்று செவ்வாய்க்கிழமை" என்று மெதுவாகச் சொன்னால் போதும். வந்திருக்கும் நிலை அழைப்பில்லாமல் வந்தது. அதைத் துருவிக் கேள்வி கேட்பதும் "பழைய ஆளைக் கூப்பிடு" என்பதும் பல் மருத்துவரின் வேலை இல்லை. யாராவது "சாமி வந்திருக்கு" என்று தண்ணீர் தெளிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். சினிமா பார்த்துவிட்டு ஊழியர்கள் பயப்படுவதும் உண்டு. பயந்து போயிருப்பவர் உங்கள் தங்கைதான். அவர் அந்த நிலையில் "வேண்டாம்" என்றால் அன்று சிகிச்சை வேண்டாம்.

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு நிலை மாறி, "எனக்கு மரக்கவே இல்லை" என்று சொன்னவர்கள் உண்டு. மருத்துவர் வாதாடாமல் சோதித்துப் பார்த்து, மொத்த அளவைக் கணக்கில் வைத்துக் கூடுதலாகப் போடலாம். முழு மயக்கம் தவறில்லை, வேறு வழியே இல்லாதபோது அதுவும் சரிதான். ஆனால் அதுதான் முதல் வழி என்பதை நான் ஏற்க மாட்டேன். கட்டுப்பாடு முழுவதும் கைவிட்டுப் போவதும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கண் விழிப்பதும் அவரை இன்னும் மிரட்டலாம். அப்படிச் செய்வதாக முடிவானால் மயக்க மருத்துவரிடமும் நோயைச் சொல்லுங்கள். மயக்கத்துக்குப் பயன்படும் கெட்டமின் மருந்தும் லாஃபிங் கேஸும் உடலைவிட்டு விலகியது போன்ற உணர்வைத் தரக்கூடியவை.

மாத்திரைப் பட்டியல் மிக முக்கியம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை கொடுத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு அதே வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். மரக்கும் ஊசியில் உள்ள அட்ரினலின் அளவைக் குறைக்க வேண்டிய பழைய வகை மனச்சோர்வு மருந்துகளும் உண்டு. பல மனநல மாத்திரைகள் வாயை உலர்த்தும். தங்கையின் சொத்தைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். உதடும் கன்னமும் 3 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் மரத்திருக்கும். இடையில் நிலை மாறினால், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மிரண்டு கன்னத்தைக் கடித்துக்கொள்ளலாம். "இன்று பல்லுக்கு ஊசி போட்டது, மரப்பு போய்விடும், சூடாக எதுவும் வேண்டாம்" என்று அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, கண்ணில் படும்படி வையுங்கள். வலி மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். சாப்பிட்டது நினைவில்லாமல் மறுபடியும் போட்டுக்கொள்ளக்கூடும்.

பல்லை எடுக்காமல் காப்பாற்றும் வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) பல தடவை வருவது முடியாது என்று தோன்றினால், ஒரே அமர்வில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவும் ஆகாது என்றால் பல்லை எடுத்துவிடுவதும் மோசமான முடிவு இல்லை. தீர்மானிப்பது தங்கைதான்; நிதானமாக இருக்கும் நாளில் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் இந்த ஏற்பாடு எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், மனநல மருத்துவரின் கடிதத்தோடு.