12 லட்சமும் ஓர் இம்பெல்லர் விளக்கும்

போன வாரம் கோவை கணபதியிலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்குச் சின்ன லேத் பட்டறை: இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கையாள். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு 12 லட்சம். ஒரு லேத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்து மீதியைப் புரட்டலாம் என்பது பெரியப்பாவின் யோசனை.

"பொண்ணு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பட்டறையில உக்காந்து பழைய இரும்பை வெல்டிங் பண்ணி ஒட்ட வெச்சுட்டிருக்குதுங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்கும்" என்றார் அப்பா. வழக்கம்போல நானும் "கவலைப்படாதீங்கண்ணா, பேசிக்கலாம்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா கட்டைப்பையிலிருந்து ஒரு மேசை விளக்கை எடுத்து வைத்தார், மகளின் குற்றத்துக்குச் சாட்சி காட்டுவது போல.

அடிப்பாகம் உடைந்த பம்ப் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். தண்டு, ஒயரிங்குக்குப் போடும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். மேலே இருந்த கூண்டைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கும் பட்டறைகளில் வட்டத் தகடுகளை வெட்டியெடுத்த பிறகு ஓட்டை ஓட்டையாக மிஞ்சுமே, அந்தத் தகடு. லாரி லாரியாக உருக்குவதற்குப் போவதை அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள். பல்பைப் போட்டதும் சுவர் முழுக்க வட்ட வட்டமாக வெளிச்சம். தொட்டுப் பார்த்தேன், விரலில் சுருக்கென்றது. இரண்டு கம்பி ஒயர், எர்த் இல்லை.

அந்தக் 12 லட்சத்தைக் கட்டாதீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். மூன்று மாதமாகப் போய் வந்த கோடிங் வகுப்பைப் பாதியில் நிறுத்தியவள் அவள். பிடிக்காத படிப்புக்காக, சோறு போடும் லேத்தை விற்பதா? பெரியப்பா வட்டி கட்டப்போவதில்லை. கவுன்சிலிங், பாலிடெக்னிக், பி.காம். பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொன்னது அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு. ஒரே வருடம். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு படித்தாலே சேரக்கூடிய படிப்புக்கு, பிளஸ் டூ முடித்த பெண்ணை அனுப்புவதா என்று. ஆலோசனை சொல்ல வருமுன் ஆறு வருடம் நான் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருந்தவன். அந்த விளக்கை வைத்தே பதில் சொன்னேன்.

இம்பெல்லரும் குழாயும் சேரும் இடத்தில் முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. இம்பெல்லர் வார்ப்பிரும்பு. சாதாரண இரும்பு ராடு வைத்து ஒட்டினால் ஆறும்போது விண்டுவிடும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அம்மா சொன்ன இன்னொரு விஷயம்: "போன மாசம் ஒரு ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து நடுங்கிட்டா." அன்றைக்கு ஒட்டியது அந்த ஜி.ஐ. குழாயைத்தான். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால், அந்தப் புகையே காய்ச்சலைக் கொண்டுவரும். பழைய கெமிக்கல் டிரம்மில் நாற்காலி செய்யப் போகிறாளாம். உள்ளே ஆவி தங்கிய டிரம்மில் கட்டிங் வீலை வைத்தால் தீப்பொறி பட்டு வெடிக்கலாம். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட முடியுமா?

வெல்டர் பிரிவில் ஆர்க், கேஸ், மிக், டிக் என்று வெல்டிங் முறைகள் எல்லாம் கையில் பிடித்துச் செய்ய வைப்பார்கள். வரைபடம் படிக்கவும் சொல்லித்தருவார்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

"காயலான்கடை வேலைக்கா படிப்பு?" என்று பெரியப்பா போனில் கேட்டாராம். அதற்கு நான் சொன்ன பதில் இது. டாம் டிக்சன் என்று ஓர் ஆங்கிலேய வடிவமைப்பாளர். கலைக்கல்லூரியைப் பாதியில் விட்டவர். தன் மோட்டார் சைக்கிளைச் சரிசெய்யப் போய் வெல்டிங் கற்றுக்கொண்டார். 1980களில் லண்டனில் பழைய இரும்பை ஒட்டி நாற்காலி செய்துதான் தொடங்கினார். அவருடைய பிரபலமான 'பீட்' விளக்குகளைப் பித்தளையில் தட்டிக் கொடுப்பவர்கள் நம் மொராதாபாத் கைவினைஞர்கள். அவருக்கும் முன்னால், 1957இலேயே இத்தாலியின் காஸ்டிக்லியோனி சகோதரர்கள் டிராக்டர் சீட்டை ஸ்டூல் ஆக்கினார்கள். 1962இல் கார் ஹெட்லைட்டையும் தூண்டில் கம்பின் வளையங்களையும் சேர்த்து ஒரு விளக்கு செய்தார்கள். அதில் டிரான்ஸ்ஃபார்மரை ஒளித்து வைக்கவில்லை. விளக்கு சாயாமல் இருக்க அதையே அடியில் எடையாக வைத்தார்கள். இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள்: "நானும் அதுக்குத்தாங்க சார் இம்பெல்லரை வெச்சேன்."

வெல்டிங்கோடு நிற்க வேண்டாம். டிசைன் பட்டப்படிப்புக்காக ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் நுழைவுத்தேர்வை, பிளஸ் டூ முடித்ததற்கு அடுத்த வருடமும் எழுதலாம். எந்தப் பாடப்பிரிவாக இருந்தாலும் தடையில்லை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) ஃபர்னிச்சர், இன்டீரியர் டிசைனுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதன் இரண்டாம் கட்டத் தேர்வில் பொருட்களைக் கொடுத்துக் கையால் செய்யச் சொல்வார்கள். அங்கே இவள் கை பேசும். வினாத்தாளில் தமிழ் இருக்காது, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். தினமும் ஒரு பக்கம் வரையவும் வேண்டும்.

இடம் கிடைத்தால் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் வாங்க வழி இருக்கிறது. கிடைக்கவில்லையென்றால், லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் டிசைன் கல்லூரிப் பக்கம் போகக்கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விற்கக்கூடாத லேத்தை டிசைனுக்கும் விற்கக்கூடாது. வெல்டர் சான்றிதழோடு அப்பா பட்டறையிலேயே வேலையைத் தொடரட்டும்.

அவளிடமும் கொஞ்சம் கறாராகப் பேசினேன். ஒரு காபி கடைக்காரர் இதுபோல ஒரு விளக்கை அவளிடம் 1,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். இரும்பு 140 ரூபாய்தான் என்று அவளுக்குப் பெருமை. ராடு, கட்டிங் வீல், ஹோல்டர், பெயின்ட், இரண்டு நாள் கூலி எல்லாம் எழுதிக் கூட்டச் சொன்னேன். 1,900 வந்தது. அவர் இன்னும் இருபது கேட்டால் அதேபோல இருபது உடைந்த இம்பெல்லருக்கு எங்கே போவாள்? பழைய இரும்புக் கடையில் இன்று கண்ணில் படுவது நாளைக்கு இருக்காது. ஸ்டாம்பிங் தகடு அப்படியில்லை, ஒரே அளவில் தினமும் விழுகிறது. ஜோத்பூரில் பழைய இரும்பு ஃபர்னிச்சர் ஏற்றுமதி செய்பவர்களும், ஒரே பொருள் தொடர்ந்து கிடைக்குமா என்ற இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது அப்பா, "லேத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டனுங்களே சார்" என்றார். திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஐ.டி.ஐ.க்குப் போவதாகப் பேச்சு. விளக்கு என் மேசையிலேயே இருக்கிறது. மூன்று கம்பி ஒயரோடு வந்து அவளே மாற்றிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகட்டும்.