“கொட்டியும் ஆம்பலும்” பாட்டில் வரும் கொட்டி என்ன செடி? குளம் வற்றினால் அதுவும் செத்துத்தானே போகும், பிறகு என்ன ஒட்டி உறவு?

சாகாது. நானும் ரொம்ப நாள் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடிருந்த ஒரு கொட்டியை ‘செத்துவிட்டது’ என்று தொட்டியோடு கவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டு மூதுரையில் வருவது. குளத்தில் நீர் அற்றதும் பறந்துவிடும் பறவையை ஔவையார் ஒரு பக்கம் நிறுத்துகிறார். மறு பக்கம், அதே குளத்தில் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல். “ஒட்டி உறுவார் உறவு” என்று முடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்ன பொருள், செடிகள் பாவம், குளத்தோடு சேர்ந்து வாடிச் சாகும் என்பது. ஆம்பலும் நெய்தலும் அல்லிச் சாதி என்பதால் எல்லோருக்கும் ஒரு படமாவது மனதில் வரும். கொட்டி என்றால்? ‘ஒருவகை நீர்ப்பூண்டு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

தாவரவியலில் இதன் பெயர் அப்போனோஜீட்டான் நேட்டன்ஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் குளம், குட்டை, கண்மாய் ஓரம், சில சமயம் நெல் வயல் இங்கெல்லாம் இருக்கும். ஆம்பல் இலை வட்டமாக, ஒரு பக்கம் வெட்டுவிட்டிருக்கும். கொட்டி இலை அப்படியில்லை. மாவிலையைக் கொஞ்சம் அகலமாக்கி, முனையை மழுக்கி, நீர்மேல் படுக்கவைத்தது போல நீளமாக மிதக்கும். ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் நரம்புகள் ஓடும், அவற்றுக்கிடையே மெல்லிய குறுக்குக் கோடுகள், சின்னச் சின்ன ஏணிகளை வரிசையாக நிறுத்தினாற்போல. மடகாஸ்கரில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. அதன் இலை வளரும்போதே அந்த ஏணிக் கட்டங்களுக்குள் இருக்கும் சதை தானாகச் செத்து உதிர்ந்து, நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும். மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பூ ஒற்றைக் கதிராக நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். வெள்ளையோ இளஞ்சிவப்போ ஊதாவோ கலந்த பொடிப்பூக்கள். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1771-இல் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தபோது சாரூரஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் அதற்குப் ‘பல்லிவால்’ என்று பொருள். கதிரைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. இப்போதைய பெயர் 1906-இல் வந்தது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. விடை சேற்றுக்குள் இருக்கிறது. இலைக்காம்பைப் பிடித்து இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். விரலைச் சேற்றுக்குள் விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். கழுவினால் சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு கிழங்கு கையில் இருக்கும், தலையில் வேரும் இலையுமாக. கொட்டிக்கிழங்கு என்று அவித்துத் தின்பது இதைத்தான். நீர் இருக்கும் மாதங்களில் செய்த மாவையெல்லாம் செடி இங்கே சேர்த்துவைக்கிறது. நீர் குறையக் குறைய இலைகள் மஞ்சளாகிக் கரைந்து போகும். குளம் வெடித்துக் கிடக்கும்போது மேலே ஒன்றும் தெரியாது. கிழங்கு கீழே தூங்கும். மழை வந்து சேறு ஊறியதும் முதலில் மெல்லிய இலைகள் நீருக்குள்ளேயே விடும். பிறகு காம்பு நீண்டு, மிதக்கும் இலை மேலே வரும். தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருந்தாலும் இலை வெளிச்சத்தில் இருக்கும்.

பாட்டோடு பொருந்துகிற விஷயம் ஒன்று உண்டு. கோடையைத் தாண்ட நீர்ச்செடிகள் பலவும் விதையைத்தான் நம்பும். தாய்ச்செடி போய்விடும், பிள்ளை முளைக்கும். அப்போனோஜீட்டான் குடும்பத்தில் பெரும்பாலும் விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. உதிர்ந்து, கொஞ்சம் மிதந்து, அடியில் அமர்ந்து, உடனே முளைக்கும். அதனால் வறட்சியைத் தாங்குவது கிழங்குதான், அதாவது அதே செடிதான். மழைக்குப் பறவையும் திரும்பி வரும், ஆனால் வேறு எங்கோ இருந்துவிட்டு வரும். கொட்டி அங்கேயேதான் கிடந்தது. ஔவையார் ‘ஒட்டிச் சாவார்’ என்று எழுதவில்லையே! வற்றிய குளத்தைக் கிளறிப் பார்த்தவர்களுக்கு அந்த வரி உரையில்லாமலே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கதை. நண்பர் கொடுத்த ஒரு செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் சேறு போட்டு வைத்திருந்தேன். நாலு மாதம் நன்றாக இருந்தது, ஒருமுறை கதிரும் விட்டது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தொட்டு எடுத்தால் கையோடு கூழாக வந்தன. அழுகிவிட்டது என்று முடிவுகட்டி, சேற்றைச் சுவரோரம் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். மழைக்கு அந்த மூலையில் தண்ணீர் கட்டியது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, தேங்கிய நீருக்குள் மெல்லிசாக ஒரு இலை. புல் என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். விரலில் கிழங்கு தட்டியது.

எனவே வளர்க்க ஆசைப்பட்டால் இலை போனதும் பதறாதீர்கள். தண்ணீரை வற்றவிட்டு, சேற்றைக் கலைக்காமல் தொட்டியை நிழலில் ஓரமாக வைத்துவிடுங்கள். கடைகளில் மீன்தொட்டிக்கென்று இந்தக் குடும்பக் கிழங்குகளைக் காய்ந்த நிலையில் பொட்டலம் போட்டே விற்கிறார்கள், அந்தத் தூக்கத்தை நம்பித்தான். மழைக்காலத்தில் ஒரு சாண் தண்ணீர் விட்டால் போதும். தொட்டியில் ஞாபகமாக ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது மண்தானே என்று எடுத்து ரோஜாவுக்குப் போட்டுவிடுவார்கள்.