தினமும் ஆறு பாட்டு அனுப்புகிறேன், யாரும் கேட்பதில்லை

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வசிக்கிறேன். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த 300 கர்நாடக இசைக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவருகிறேன். அவற்றில் கோயில் கச்சேரிகளில் நானே பதிவு செய்தவையும் உண்டு. பழைய சக ஊழியர்கள், அவர்களுடைய பிள்ளைகள், நண்பர்கள் என 140 பேர் இருக்கும் வாட்ஸ்அப் இசைக் குழுவில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஐந்தாறு பதிவுகளை அனுப்புகிறேன். பெரும்பாலும் ஒருவரும் பதில் போடுவதில்லை. சென்ற வாரம் ஒருவர், "சார், இதையெல்லாம் எப்போது கேட்பது?" என்று எழுதினார். ஆனால் ஒருவர் மாடித்தோட்டத்துக் கத்தரிக்காயைப் படமெடுத்துப் போட்டாலும், ஓர் அம்மையார் தம் எம்பிராய்டரி வேலையைப் போட்டாலும், இன்னொருவர் பழைய நாணயங்களைப் போட்டாலும் ஐம்பது பேர் பாராட்டுகிறார்கள். இளைஞன் ஒருவன் கானாப் பாட்டு ஒன்றை அனுப்பியபோது, "இதெல்லாம் பாட்டா?" என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவன் எதையும் அனுப்பவில்லை. ரசனை செத்துவிட்டதா? நான் குழுவிலிருந்து விலகிவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்)

பதில்: அன்புள்ள ஐயா, விலக வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசனை செத்துவிட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பும் பதிவு ஒன்று சுமார் 20 நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஆறு பதிவுகள் என்பது 2 மணி நேரம், மாதத்துக்கு 60 மணி நேரம். மார்கழி சீசனில் சபாவில் நடக்கும் ஒரு முழுக் கச்சேரியே இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டும், பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டும் இருக்கிற 140 பேரை நீங்கள் நாள் தவறாமல் காலை ஆறரை மணிக்கு ஏறக்குறைய ஒரு முழுக் கச்சேரிக்கு அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "இதையெல்லாம் எப்போது கேட்பது?" என்று எழுதியவர் உங்களைக் குத்திக்காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்க ஆசை இருந்தும் வழி தெரியாதவர்தான் அப்படி எழுதுவார். ஆசை இல்லாதவர் ஓசையில்லாமல் அழித்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே அவருக்கு நீங்கள் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பதில் எப்படி இருக்கலாம் என்பதற்கு என் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 1984இல் நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். காலிக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தந்துவிடும் காலம் அது. திரைப்பாடல்களைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு, அறைத்தோழனின் அண்ணன் ஒரு 60 நிமிடக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் உள்அட்டையில் நீல மையில் இப்படி எழுதியிருந்தார்: "ராஜரத்தினம் பிள்ளை. தோடி. ராத்திரி மொட்டை மாடியில் கேள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பிடிபடாவிட்டாலும் நிறுத்திவிடாதே." மறுபக்கத்தில் எதையும் பதிவு செய்யாமல் விட்டிருந்தார். அந்தப் பக்கத்துக்குரிய கோடுகளில், "பிடித்திருந்தால் வந்து சொல், நிரப்பித் தருகிறேன்" என்று மட்டும் இருந்தது. நான் பதினோராம் நாள்தான் அவரைத் தேடிப் போனேன். அந்த நாகஸ்வரம் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து, விட மனமில்லாமல் அதிலேயே நின்ற இடத்தைச் சொல்லத் தெரியாமல், கையால் காற்றில் வரைந்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கேசட்டை வாங்கிக்கொண்டார்.

அவரிடம் உங்களைப் போலவே அலமாரி நிறையக் கேசட்டுகள் இருந்தன என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அத்தனையிலிருந்தும் அவர் எனக்காக எடுத்தது ஒன்றே ஒன்றுதான். எங்கே, எப்போது கேட்க வேண்டும் என்று சொன்னார். எந்த இடத்தில் எனக்குச் சலிப்பு வரும் என்பதை முன்னரே அறிந்து அதற்கும் ஒரு வார்த்தை எழுதிவைத்தார். நான் திரும்பி வருவதற்கு ஒரு பக்கத்தைக் காலியாகவும் விட்டுவைத்தார். நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து. வாரத்துக்கு ஒரு பதிவு போதும். மற்ற ஆறு நாட்கள், அதைக் கேட்டவர்கள் பேசுவதற்கான நாட்கள்.

அந்த ஒரு பதிவோடு நீங்கள் எழுதும் இரண்டு மூன்று வரிகளில்தான் உங்கள் நாற்பது ஆண்டுக் கேள்வி ஞானம் முழுவதும் பயன்பட வேண்டும். "அருமையான கல்யாணி, கேட்டு மகிழுங்கள்" என்பது கல்யாணி ராகத்தை ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டுமே பொருள் தரும். மாறாக, ஒரு வாரம் சங்கராபரண ஆலாபனையில் நான்கு நிமிடத்தையும், அடுத்த வாரம் கல்யாணியில் நான்கு நிமிடத்தையும் அனுப்பி, 29ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்துக்கும் 65ஆவது மேளமான கல்யாணிக்கும் ஆறு ஸ்வரங்கள் ஒன்றே என்றும், 'ம' என்னும் மத்தியமம் ஒன்றுதான் மாறுகிறது என்றும், அந்த ஒன்று மாறியதும் முகமே மாறிவிடுவதைக் கவனியுங்கள் என்றும் எழுதிப் பாருங்கள். இசை தெரியாதவர்கூட அந்த வேறுபாட்டைப் பிடித்துவிட முடியும். பிடித்ததும் யாரிடமாவது சொல்லத் துடிப்பார். குறிப்பிட்ட இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இன்னொரு சிறு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்ப முடியாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ஓசை தகரத்தில் தட்டியதுபோல் வந்து சேரும். இடப்பக்கமான தொப்பியிலிருந்து எழும் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் அநேகமாகக் காணாமல் போய்விடும். தம்பூராவோ தேய்ந்து ஓர் இரைச்சலாகிவிடும். தாளவாத்தியங்கள் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தமக்குப் பிடிக்காது என்று சொல்லும் இளைஞர்கள் சிலரிடம் இயர்போனைக் கொடுத்து ஒருமுறை கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதுவரை பாதி மிருதங்கத்தைத்தான் கேட்டிருந்தார்கள். ஆகவே, "இதை இயர்போனில் கேளுங்கள்" என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

புதியவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் தயங்கினால், 78 சுழற்சி இசைத்தட்டுகளின் காலத்துப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால், அன்றைய வித்வான்கள் ராகத்தின் சாரத்தை இரண்டே வீச்சில் காட்டிவிட்டுக் கிருதிக்குள் நுழைந்துவிடுவார்கள். அந்தச் சுருக்கம் ஒரு குறையென்று அக்காலத்தில் சிலர் வருந்தியிருக்கலாம்; இன்று பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான கதவு இல்லை. இன்று நாம் காணும் கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் (1890–1967) எடுத்த எடுப்பில் விஸ்தாரமான ராகத்தைக் கொண்டுவந்து சபையின் முன் வைத்துவிடவில்லை. விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கி, சிறு கிருதிகளால் காதைப் பதப்படுத்தி, அதன் பிறகே பெரியதை எடுத்தார். அந்த முறையை இத்தனை ஆண்டுகள் அனுபவித்த நீங்கள் அதையே உங்கள் குழுவுக்கும் பயன்படுத்தலாம்.

உங்கள் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இளமையில் நீங்களும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவராகவே இருக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தது. 1957 அக்டோபரில் அதன் விவித் பாரதி சேவை தொடங்கும் வரை, திரைப்பாட்டு வேண்டியவர்கள் கொழும்பின் பக்கம்தான் முள்ளைத் திருப்பினார்கள். விவித் பாரதி வந்த பிறகும் தமிழர்கள் அந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் விடவில்லை. அங்கே நேயர் விருப்பமாக ஒரு பாட்டு ஒலிக்குமுன், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். மூன்று நிமிடப் பாட்டுக்கு அத்தனை பெயர்களா என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கோ, நான் கண்டிராத ஓர் ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் இந்தப் பாட்டுக்காக அஞ்சலட்டை வாங்கி எழுதியிருக்கிறார் என்பதே அதைக் காது கொடுத்துக் கேட்க வைத்தது. உங்கள் பதிவுகளிலும் அப்படி ஒரு மனிதர் தெரிய வேண்டும். கோயில் கச்சேரியில் நீங்களே பதிவு செய்தது என்றால் எந்தக் கோயில், எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார், அன்று உங்களோடு வந்தவர் யார், மழை பெய்ததா என்பதையெல்லாம் எழுதுங்கள். இவற்றைக் குழுவுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த விவரங்கள் இப்போதைக்கு உங்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கணினியில் ஏற்றும்போதே ஒவ்வொரு பதிவின் கூடவும் குறித்துவைத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அதற்கு உரிமை உண்டு. 1960இல் வெளியான இசைத்தட்டின் உரிமை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 1985இல் வந்த கேசட்டின் உரிமை 2045 வரை இருக்கும். பாடலை இயற்றியவரின் உரிமை தனியானது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மும்மூர்த்திகளின் கிருதிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கோ 2033 முடியும்வரை உண்டு. ஆகவே நிறுவனங்கள் வெளியிட்ட கேசட்டுகளை நீங்கள் பதிவேற்றி அனுப்புவதற்குப் பதிலாக, உரிமையாளர்களே இணையத்தில் வைத்திருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். நீங்கள் பதிவு செய்த கச்சேரிகளுக்கு அந்தக் கலைஞரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். தங்களுக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றுகூடக் கேட்பார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த பகுதிக்கு வருகிறேன். அந்த இளைஞனிடம் நீங்கள் கேட்ட இரண்டு சொற்கள், நீங்கள் அனுப்பிய ஆயிரம் பதிவுகள் சேர்த்துவைத்த நல்லெண்ணத்தைக் கரைத்திருக்கும். அவன் ஒருவன் மட்டும் மௌனமாகவில்லை; அதைப் படித்துவிட்டு, தமக்குப் பிடித்த பாட்டை அனுப்பலாமா என்று யோசித்துக் கைவிட்ட வேறு சிலரும் இருப்பார்கள். கானா வடசென்னைத் தெருக்களின் பாட்டு. இறந்தவர் வீட்டு வாசலில் விடிய விடிய உட்கார்ந்து, போனவரின் பெயரையும் குணத்தையும் வைத்துப் பாடும் மரபு அதற்கு உண்டு. சோக ராகமான முகாரிக்குக் கண் கலங்குகிற உங்களுக்கு அந்தப் பாட்டு அந்நியமாக இருக்க நியாயமில்லை. குழுவில் எல்லாரும் பார்க்கும்படி அவனிடம் வருத்தம் தெரிவியுங்கள். பிறகு, அவன் அனுப்பிய பாட்டில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொன்னதும் உண்மையாகவே கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்வதில் தவறில்லை.

கத்தரிக்காயும் எம்பிராய்டரியும் உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரிகின்றன. எனக்கு அவை ஒவ்வொருவருடைய காதுக்கும் போகும் வழியைக் காட்டுவதாகத் தோன்றுகின்றன. மாடித்தோட்டக்காரர் மாலையில் தண்ணீர் ஊற்றும் இருபது நிமிடம் அவருடைய கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். நாணயம் சேர்ப்பவர் எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலையின் குறி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர். 78 சுழற்சித் தட்டுகளிலும் லேபிளை ஒட்டி அச்சு எண் பொறிக்கப்பட்டிருப்பதையும், அதைக் கொண்டு பதிவின் காலத்தைக் கணிக்கும் சேகரிப்பாளர்கள் இருப்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அவரே உங்களைத் தேடி வருவார்.

ஆனால் முதலில் நீங்கள் நாட வேண்டியவர் அந்த எம்பிராய்டரி அம்மையார். சங்கிலித் தையலில் ஒரு பூவை முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஓரிடத்தில் உட்காரப் பழகியவர் அவர். உங்கள் 140 பேரில், ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியை நடுவில் நிறுத்தாமல் கேட்கக் கூடியவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். அவர் கடைசியாகப் போட்ட பூவேலையைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை முதலில் எழுதுங்கள். பிறகு உங்களிடம் இருப்பவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, குழுவுக்கு அனுப்பாமல் அவருக்கு மட்டும் வரும் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு, எந்த இடத்தில் ஊசி தானாக நின்றது என்று மறுநாள் கேளுங்கள். அவர் சொல்லும் நிமிடத்தை எனக்கும் எழுதுங்கள்.