சிற்பி செய்த கழுத்தணியும் ஸ்டுடியோ படங்களும்: அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் முன்

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஓவியக் கல்லூரியில் படித்த சிற்பி ஒருவர் என் அம்மாவுக்குச் செம்புத் தகட்டை அடித்துச் செய்து கொடுத்த கழுத்தணி எங்களிடம் உள்ளது. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த அப்பா எடுத்த சில நூறு கறுப்பு வெள்ளைப் படங்களும் நெகட்டிவ்களும் இருக்கின்றன. கழுத்தணிக்குப் பாலீஷ் போட்டு, படங்களை லேமினேட் செய்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் காட்சிக்கு வைப்பார்களா? எங்கள் உரிமை போய்விடுமா?”

பாலீஷ், லேமினேஷன் இரண்டையும் அருள்கூர்ந்து செய்யாதீர்கள். செம்பைப் புளி போட்டும் வெள்ளியை விபூதியால் தேய்த்தும் பளபளப்பாக்குவது நம் வீடுகளின் வழக்கம். பூசைப் பாத்திரத்துக்கு அது பொருந்தும், சிற்பியின் கைவேலைக்குப் பொருந்தாது. சுத்தியல் விழுந்த தழும்பு, தகட்டை மடக்கிய விளிம்பு, சிற்பியே ஏற்றியிருக்கக்கூடிய கருமை ஆகியவற்றை வைத்துத்தான் அது யார் கை வேலை என்று வல்லுநர்கள் அடையாளம் காண்கிறார்கள். பட்டறையில் ஒருமுறை, தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிட்டால் அவை மழுங்கிப் போகும். பிறகு மீட்க வழியில்லை.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் ஏறத்தாழ 1,800 நகைகளைச் செய்தார். பெரும்பாலும் பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டி, சுருட்டி, பற்றவைப்பைக் கூடுமானவரை தவிர்த்துக் கம்பியாலேயே பிணைத்தார். 1955-ல் கீரா சாராபாயின் அழைப்பில் அகமதாபாத் வந்து தங்கியபோதும் சிற்பங்களோடு நகைகளும் செய்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2008-ல் அவருடைய நகைகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. பொன்னின் எடையோ கல்லின் விலையோ அங்கே கணக்கில்லை. அணியக்கூடிய அளவில் அமைந்த சிற்பம் என்பதே அவற்றின் மதிப்பு. உங்கள் செம்புக் கழுத்தணியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் உள்ளவற்றில் எதை நான் முதலில் தேடுவேன் என்றால், அம்மா அந்தக் கழுத்தணியை அணிந்திருக்கும் படத்தைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டையாகக் கிடக்கும் நகை, கழுத்தில் எங்கே தங்கியது, எந்தப் பக்கம் முன்னால் வந்தது, எந்தச் சேலையோடு அணியப்பட்டது என்பதைச் சொல்லாது. படம் அவற்றைச் சொல்வதோடு, அந்தக் காலத்தில் அது உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கும். கையொப்பமில்லாத படைப்புக்கு இதைவிட வலுவான துணை அரிது. அப்படி ஒரு படம் கிடைத்தால் அதையும் நகையையும் ஒரே இடத்துக்கே கொடுங்கள், பிரித்துவிடாதீர்கள். சிற்பியின் பெயர், பழக்கம் ஏற்பட்ட விதம், தோராயமான ஆண்டு ஆகியவற்றை நினைவுள்ள பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

கடலோரக் காற்றின் ஈரமும் உப்பும் இரண்டுக்குமே பகை. செம்பில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் துடைக்காமல் அப்படியே வல்லுநரிடம் காட்டுங்கள். படங்களைப் பசைத் தாள் ஆல்பத்திலிருந்தும் பிவிசி உறையிலிருந்தும் மெதுவாக விடுவித்து, அமிலமற்ற தாளுறையில் போட்டு, மர அலமாரியைவிட, சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில் வைப்பது நல்லது. ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்க வேண்டாம். செல்லோடேப், ரப்பர் பேண்ட், பால்பாயிண்ட் பேனா மூன்றும் கூடாது. குறிப்பு எழுத மென்மையான பென்சில், அதுவும் படத்தின் பின்புற ஓரத்தில், போதும். நெகட்டிவ் டப்பாவைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அந்தச் சுருள்கள் சிதையத் தொடங்கிவிட்டன என்று பொருள். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 1950-க்கு முந்தையவை என்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம் என்பதால், அடுப்படியிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

யாரை அணுகுவது? கழுத்தணிக்கு, சென்னைச் சிற்பிகளின் உலோக வேலையை அறிந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்தையும், 1851-ல் தொடங்கி, பழம்பொருள் பாதுகாப்பு ஆய்வகமும் கொண்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும் முதலில் கேட்கலாம். ஸ்டுடியோ படங்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களை டிஜிட்டல் வடிவில் சேர்த்த அனுபவம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு உண்டு. பொருளைத் தூக்கிக்கொண்டு நேரில் போகாமல், முதலில் நான்கைந்து தெளிவான படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் கடிதத்தோடு அனுப்புங்கள்.

காட்சியைப் பொறுத்தவரை, எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம். புகைப்படங்கள் வெளிச்சத்தில் மங்கும்; எனவே சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மங்கலொளியில் சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு இருட்டறைக்குத் திருப்புவதே முறை.

அசையும் பொருளை நன்கொடையாகக் கொடுக்கப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. ஒப்படைத்தாலே போதும் என்றாலும், இரு தரப்பும் கையெழுத்திட்ட நன்கொடைக் கடிதமும் அருங்காட்சியகப் பதிவெண்ணும் கேட்டு வாங்குங்கள். பொருளைக் கொடுப்பதால் பதிப்புரிமை தானாகப் போய்விடாது. அதற்கு எழுத்துமூல ஒப்படைப்பு வேண்டும். கழுத்தணியின் பதிப்புரிமையும் உங்களுடையது என்று எழுதிவிட வேண்டாம். அது சிற்பியையோ அவருடைய வாரிசுகளையோ சேரும். இன்னொன்று: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வாடிக்கையாளர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்த வாடிக்கையாளருடையது. ஆகவே அப்பா தம் விருப்பத்துக்கு எடுத்த துறைமுகம், தெரு, வீட்டுப் படங்களை ஒரு கட்டாகவும், வாடிக்கையாளர் படங்களை வேறு கட்டாகவும் பிரித்து, நன்கொடைக் கடிதத்தில் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.