கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கற்பிக்க யாருக்குத் தகுதி? – வாசகர் கேள்வி பதில்

கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் உடற்பயிற்சி கற்பிப்பது பற்றிப் பெங்களூரு வாசகியர் அனுப்பிய கேள்விகளுக்கு, பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்கும் பெண் இயன்முறை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: வீட்டு மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறேன்; 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறேன். மாணவிகளில் இருவர் இப்போது கருவுற்றிருக்கிறார்கள். கடினமான ஆசனங்களை விட்டுவிட்டு மற்றவற்றை வழக்கம்போலச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? – வாசகி, அல்சூர்

பதில்: போதாது. எந்த ஆசனத்தை விடுவது என்பது இந்தப் படிப்பில் மிகச் சிறிய பகுதி. யாரைச் சேர்த்துக்கொள்ளலாம், யாரை மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும், வகுப்பின் நடுவே எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றைக் கற்கவே அதிக நேரம் பிடிக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் இரத்த அளவு ஏறக்குறைய பாதிப்பங்கு கூடியிருக்கும். ஓய்வாக இருக்கும்போதே இதயம் முன்பைவிட வேகமாகத் துடிக்கும். ரிலாக்சின் முதலிய ஹார்மோன்களால் மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்திருக்கும் என்பதால், ‘உடல் நன்றாக வளைகிறதே’ என்று மகிழ்ந்து நீங்கள் மேலும் வளைக்கச் சொன்னால், இடுப்பு மூட்டில் வலி தொடங்கக்கூடும்.

ஆகவே முதல் வகுப்புக்கு முன்பே மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள். இரத்தப்போக்கு இருந்ததா, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா, கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு, வயிற்றில் ஒரு குழந்தையா இரட்டையா என்று தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். ஹீமோகுளோபின் அளவையும் கட்டாயம் கேளுங்கள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வகுப்பில் சீக்கிரம் மூச்சு வாங்கும் பெண்ணைப் ‘பழக்கம் இல்லாதவர்’ என்று எண்ணிக் கூடுதலாக உழைக்கச் சொல்லும் பயிற்றுநர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்கும் கீழே இருந்தால், சிகிச்சை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை அவரை வகுப்பில் சேர்க்கக் கூடாது.

நேரில் பார்த்துப் பழக வேண்டியவையும் உண்டு. நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை வயிற்றிலுள்ள பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துவிடும். பெரும்பாலான பெண்கள் தலை சுற்றுகிறது என்று உடனே சொல்லமாட்டார்கள். பேச்சு நின்றுவிடும், முகம் வெளிறும், மேலுதட்டின் மீது வியர்வை அரும்பும். அதைக் கவனித்த கணமே அவரை இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சவாசனத்தில் எல்லோரையும் கண்மூடச் சொல்லிவிட்டுப் பயிற்றுநரும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இந்த வகுப்புக்கு ஒத்துவராது.

இதயத்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்று இன்றும் சில பயிற்சிக்கூடங்களில் சொல்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 1985இல் விதித்த அந்த வரம்பை 1994இல் அக்கழகமே கைவிட்டுவிட்டது. பயிற்சியின்போது பேச முடிகிறதா என்று பார்ப்பதே இப்போது வழக்கத்தில் இருக்கும் அளவுகோல். முழு வாக்கியமாகப் பேச முடியாமல் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் வரும் பெண்கள் முதலில் கேட்பது வயிற்றைக் குறைக்கத்தான். கிரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) கொடுக்கலாமா? – வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பகாலத்தில் வயிற்றின் நடுவிலுள்ள நேர்தசைகள் இரண்டும் விலகி, இடையிலுள்ள இணைப்புத்திசு மெலிந்திருக்கும். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்துத் தலையைச் சற்றே தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பாருங்கள். இடைவெளி எத்தனை விரல் என்று பார்ப்பதோடு, விரலுக்கு அடியில் திசு விறைப்பாக இருக்கிறதா, குழைவாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூரைபோல் மேடிட்டால் அந்தப் பயிற்சியை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பதிலிருந்து தொடங்குங்கள். பாட்டிமார் கட்டிவிடும் துணிக்கட்டு சற்று ஆதரவு தரலாமே தவிர, விலகிய தசையை வலுவாக்காது.

அடுத்தது, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். இவற்றுக்கான பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் விவரித்தார். இருமும்போது சிறுநீர் கசிகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், தனியே கேளுங்கள். கசிவோ, அடியில் கனமான உணர்வோ இருப்பவருக்குக் குதிக்கும் பயிற்சிகளைத் தராமல், பெண்கள் நலத்தில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்படி ஏதும் இல்லாதவர்களும் ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதமாவது காத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்று மேலே சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. தாய்வீட்டில் பிரசவம் முடித்துப் பெங்களூருக்குத் திரும்பும் நம் பெண்களில் பலருக்கு ஆறாத தழும்பு இருக்கும் என்பதால் அதையும் கேட்டறியுங்கள். உறக்கமின்மைக்கு அப்பால் ஓயாத அழுகை, குழந்தைமீது பற்றின்மை என்று ஒருவர் சொன்னால், உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடாதீர்கள். நம் நகரின் நிம்ஹான்ஸில் தாய்க்கும் சேய்க்கும் தனி மனநலப் பிரிவே இருக்கிறது.

கேள்வி: இரண்டு நாள் இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கிறது. சேரலாமா? – வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: அறிமுகத்துக்கு மட்டும் சேரலாம். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியம் நடத்தும் தேர்வு பொதுவான யோகா தகுதிக்கானது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பில் மகப்பேறு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பாடம் நடத்துகிறாரா, உண்மையான கர்ப்பிணிகளுக்கு மூத்த பயிற்றுநர் கண்காணிப்பில் நீங்கள் வகுப்பெடுக்க வேண்டுமா, முதலுதவி கற்றுத்தருகிறார்களா என்று விசாரியுங்கள். இம்மூன்றும் இல்லாத படிப்புக்கு நான் பரிந்துரை தரமாட்டேன்.

கேள்வி: ‘வயிற்றில் பிள்ளையோடு இதெல்லாம் எதற்கு’ என்று மாணவியின் மாமியார் தடுக்கிறார். பயிற்றுநர் என்ன சொல்வது? – வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: அந்த அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துச் சொல்லுங்கள். நம் ஊர் யோகா பல்கலைக்கழகமான எஸ்-வியாசாவின் ஆய்வாளர்கள் 335 கர்ப்பிணிகளைக் கொண்டு செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், யோகா செய்தவர்களிடையே இரண்டரை கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் அதிகம் பிறந்தன. ஆனால் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது. ஆகவே அதைக் காட்டி எடை கூடும் என்றோ சுகப்பிரசவம் ஆகும் என்றோ வாக்குக் கொடுக்காதீர்கள். மாறாக, இரத்தக்கசிவு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, கடுந்தலைவலி, ஒரு காலின் கெண்டைச்சதையில் வீக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று தமிழில் எழுதி, மருமகளிடம் ஒன்றும் மாமியாரிடம் ஒன்றுமாகக் கொடுங்கள்.