கோடிங்கை விட்டால்தான் மேலே போக முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பங்குத்தரகு நிறுவனம் ஒன்றில் 11 வருடமாக புரோகிராமராக இருக்கிறேன். மார்ஜின், அதாவது வாடிக்கையாளர் பிணையாக வைக்க வேண்டிய பணம், அதைக் கணக்குப் போடும் மென்பொருள் என் பொறுப்பு. "கோடிங்கை விட்டுவிட்டு எம்பிஏ படி, சந்தை தெரிந்தவர்கள்தான் நிர்வாகத்துக்கு வர முடியும்" என்கிறார் மேலாளர். புரோகிராமராகத் தொடங்கி இந்தத் துறையில் ஒரு நிறுவனத்தையே நடத்தும் இடத்துக்கு வந்தவர்கள் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் தாமஸ் பீட்டர்ஃபி. 1944இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1965இல் நியூயார்க் வந்தபோது ஆங்கிலம் தெரியாது. ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்கு புரோகிராம் எழுத ஆள் இல்லை, இவர் தானாக முன்வந்தார். அப்புறம் மொகாட்டா மெட்டல்ஸ் என்ற உலோக வர்த்தக நிறுவனத்தில், ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலையைக் கணக்கிட புரோகிராம் எழுதினார். 1977இல் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் உறுப்பினர் இருக்கை, அதாவது அங்கே நேரடியாக வாங்கி விற்கும் உரிமை வாங்கி, தானே களத்தில் இறங்கினார். கணித்த விலைகளைத் தாளில் எடுத்துக்கொண்டு போய், கூச்சலுக்கு நடுவில் நின்று வாங்கினார், விற்றார். தான் எழுதிய கணக்கு சரியா தவறா என்பது அங்கே அவர் கைக்காசிலேயே தெரிந்துவிடும்.

1987இல் நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நாஸ்டாக் பங்குச்சந்தைக்கு ஆர்டர் அனுப்பும் டெர்மினலின் வயரை எடுத்துத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆர்டர்கள் தானாகப் போகும்படி செய்திருந்தார். பார்க்க வந்த நாஸ்டாக் அதிகாரி, ஆர்டரை விசைப்பலகையில் தட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரி என்று பீட்டர்ஃபியின் ஆட்கள் திரையைப் படிக்க ஒரு கேமரா வைத்தார்கள், விசைகளைத் தட்ட ரப்பர் விரல்கள் வைத்த ஓர் இயந்திரம் செய்தார்கள். விதியை மீறவில்லை, வேகமும் குறையவில்லை.

அவர் 1993இல் தொடங்கிய பங்குத்தரகு நிறுவனமான இன்டராக்டிவ் புரோக்கர்ஸில் 2019 வரை தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த மிலன் காலிக், 1990இல் பீட்டர்ஃபியிடம் மென்பொருள் எழுதச் சேர்ந்தவர்தான்.

ஆனால் இந்த வளர்ச்சியைவிட, அதே நிறுவனத்துக்கு வந்த ஓர் அடிதான் உங்களுக்கு அதிகம் உதவும். 2020 ஏப்ரல் 20 அன்று கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே விலை போகலாம் என்று எக்ஸ்சேஞ்ச் சில நாள் முன்பே அறிவித்திருந்தது. இவர்களுடைய மென்பொருள் அதற்குத் தயாராக இல்லை. மார்ஜின் கணக்கு தவறியது, வாடிக்கையாளர்களால் விற்று வெளியேற முடியவில்லை, நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம். புரோகிராமர்கள் கட்டி எழுப்பிய இடத்திலேயே இது நடந்தது.

விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று எழுதுகிறவர் சந்தையைப் பற்றி ஒரு முடிவு எடுக்கிறார். அந்த மாதிரி முடிவுகளை 11 வருடமாக எடுத்துவருகிறீர்கள், அதை உங்கள் மேலாளரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. எம்பிஏ படிக்க ஆசையிருந்தால் தாராளமாகப் படியுங்கள். கோடிங்கை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிஸ்க் பிரிவில் இருப்பவர்களோடு போய் உட்காருங்கள். உங்கள் மென்பொருளில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், உங்கள் மென்பொருளில் ஒரு விலையை மைனஸாகக் கொடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.